பிடுங்கப்பட்ட கல்லைப் பற்றி மகளுக்கு

பாலக்கோடு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். "பக்கத்துக் காட்டுக்காரர் மேல் கேஸ் கொடுத்து உள்ளே தள்ளுங்கள் அப்பா" என்று நேற்று இரவு தொலைபேசியில் கொதித்தாய். முப்பது ஆண்டுகள் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். அந்த ஒரு பேச்சுக்குள் எத்தனை சட்டங்கள் கலந்து கிடக்கின்றன என்பதை உனக்கு நிதானமாக எழுதிவிட நினைத்தேன்.

கிழக்கு வரப்பில், புளிய மரத்தடியில் நின்ற அளவைக் கல்லைக் காணோம். அது இருந்த இடத்தில் முழங்கை ஆழத்துக்குச் சதுரமாக ஒரு குழி, அதன் ஓரத்தில் ஈர மண்ணும் கடப்பாரை பட்ட தழும்பும். கல் போன பிறகு, நம் பக்கம் நான்கு அடி உள்ளே வந்து அவர் உழுதிருக்கிறார்.

உழுத நான்கு அடி யாருடையது என்பது உரிமையியல், அதாவது சிவில் வழக்கு. அங்கே வழக்குப் போடுவதும் நாமே, செலவு செய்வதும் நாமே. கிரயப் பத்திரம், பட்டா, புல வரைபடம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, யார் சொல்வது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி எடைபோடுவார். சட்டப்படி அல்லாமல் நிலத்தை இழந்தவர் ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டால், உரிமை யாருக்கு என்ற கேள்விக்குள் போகாமலே சுவாதீனத்தை, அதாவது நிலத்தைக் கையில் வைத்திருக்கும் நிலையை, திரும்பப் பெற வழி உண்டு. மாறாக, எதிரிடை அனுபோகமாக, அதாவது நம் உரிமைக்கு எதிராகத் தனதே என்று வெளிப்படையாக, 12 ஆண்டுகள் அவர் ஆண்டுவிட்டால் நம் உரிமையே போய்விடும். பத்திரம் பெட்டியில் இருக்கிறதே என்று சும்மா இருந்து காட்டை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கல்லைப் பிடுங்கியது குற்றவியல். அரசு அதிகாரத்தோடு நட்ட எல்லைக் கல்லை அகற்றுவது 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலும் குற்றமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றமே. ஆனால் அந்த வழக்கை நடத்துவது அரசு, நாம் வெறும் சாட்சி. நியாயமான ஐயத்துக்கு இடமில்லாதபடி மெய்ப்பிக்க வேண்டும். கடப்பாரையை அவர் கையில் பார்த்தவர் எவரும் இல்லை. காணாததைக் கண்டதாக எழுதித் தர எனக்குக் கை வராது கண்ணு.

குடும்பம், வரி, தொழிலாளர் என்று வேறு சட்டங்களும் உண்டு. இப்போது அவை நமக்கு வேண்டா. மனுக் கொடுத்தும் நில அளவர் வராவிட்டால் மட்டும், அரசமைப்பின் 226-ஆவது உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்), அதாவது அலுவலகம் தன் கடமையைச் செய்யச் சொல்லும் ஆணை, கேட்கலாம். அந்த வழக்கு பக்கத்துக் காட்டுக்காரர் மேல் அன்று, அலுவலகத்தின் மேல்.

அரசுக்கே ஆணையிட வைக்கும் இந்த அரசமைப்புச் சட்டத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பதற்குக் காரணம், நம் மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று அரூர்ப் பக்கத்து அந்த மலையடி ஊருக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பழங்குடி மக்களுக்கு இழைத்த கொடுமையைச் சிறு வயதிலேயே நீ கேட்டிருக்கிறாய். குற்றம் செய்தவர்களே காக்கிச் சட்டையில் இருந்தால் ஏழைகள் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்கள்? 1995-இல் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்ட பிறகே குற்றவியல் வழக்குக்கு உயிர் வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோக, மீதமிருந்த 215 பேரையும் தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கொடுமைக்கு ஆளாகி 19 ஆண்டுகள் தீர்ப்புக்குக் காத்திருந்த அந்த ஊர்ப் பெண்களை நினைத்தால், நான்கு அடிக்காக ஒரே இரவில் பொறுமை இழக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நில அளவைக்குப் பணம் கட்டிவிட்டேன். தாத்தா வாங்கிய கிரயப் பத்திரத்தின் நகல் ஒன்று உன் சான்றிதழ்களோடு இருக்கும், தேடி அனுப்பு. அளவர் வரும்வரை குழியை யாரும் மூடிவிடாதபடி, கருவேல முள்ளை வெட்டி மேலே போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா