பறவைப் படத்துக்கு முதலில் லென்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வலசைப் பறவைகள் வரத் தொடங்கியதை அடுத்து வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, கூந்தன்குளம் ஆகிய இடங்களில் எடுத்த படங்கள் நம் நாளிதழ்களில் வந்துகொண்டிருக்கின்றன. இவற்றைப் பார்த்து ஆர்வம் கொண்டு கேமரா வாங்கப் புறப்படும் இளைஞர்கள், எந்த பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) நல்லது, எத்தனை மெகாபிக்சல் என்று விசாரிக்கிறார்களே தவிர, எந்தப் பறவையை எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப்போகிறோம் என்று யோசிப்பதில்லை. பணத்தில் பெரும்பகுதி பாடிக்குப் போய், அதனுடன் சேர்த்து விற்கும் சிறு ஜூம் லென்ஸோடு அவர்கள் ஏரிக்கரைக்கு வந்து நிற்பதைக் காணும்போது வருத்தமாக இருக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் சற்றுச் சிறியதாக உள்ள கிராப் சென்சார் கேமராக்களில் அந்தச் சென்சாரின் உயரம் ஏறத்தாழ 16 மி.மீ. அதில் 250 மி.மீ. குவியத்தூரம் கொண்ட லென்ஸைப் (இந்த எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்) பொருத்தி 50 மீட்டர் தொலைவில் உள்ள மரத்தைப் பார்த்தால், 3 மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம் சட்டகத்துக்குள் அடங்கும், 600 மி.மீ. லென்ஸில் 1.3 மீட்டர்தான் அடங்கும். ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் நிற்கும் மஞ்சள்மூக்கு நாரை முதல் படத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, இரண்டாவதில் முக்கால் பங்கை நிறைத்துவிடும். அதே தொலைவில் வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால் 600 மி.மீ. லென்ஸிலும் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். எவ்வளவு விலை உயர்ந்த பாடியும் இந்தக் கணக்கை மாற்றாது.

ஆகவே, புதிதாகத் தொடங்குபவர் பணத்தின் பெரும்பகுதியை லென்ஸுக்கு ஒதுக்குவதே முறை. சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150-600 மி.மீ. லென்ஸ்களும், நிக்கானின் 200-500 மி.மீ. லென்ஸும் பல ஆண்டுகளாகப் பறவை ஆர்வலர்களின் கைகளில் இருப்பவை. ஏற்கெனவே பயன்படுத்திய பழைய லென்ஸ்களாகவும் இவை விலைக்குக் கிடைக்கின்றன. எஃப்/4 அளவுள்ள (எஃப் எண் சிறிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் நுழையும்), ஜூம் இல்லாத 600 மி.மீ. பிரைம் லென்ஸ் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் என்பதால் அதைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. கேனானின் 600 மி.மீ. எஃப்/11 லென்ஸ் ஒரு கிலோவுக்கும் குறைவான எடை கொண்டது, தோளுக்கு இதமானது, ஆனால் எஃப்/5.6 லென்ஸில் வரும் வெளிச்சத்தில் கால் பங்கே அதில் நுழையும். பறவைகள் சுறுசுறுப்பாக இயங்கும் விடியற்காலையில், பறக்கும் ஆலாவை எடுக்க ஷட்டர் வேகம் நொடியில் 2000-ல் ஒரு பங்கு வரை தேவைப்படும் வேளையில், இந்தக் குறை நன்றாகவே தெரியும்.

பாடியே முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. பறவையின் கண்ணைத் தானே கண்டறிந்து ஃபோகஸ் செய்யும் புதிய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராக்கள் பறக்கும் படங்களுக்குப் பெரிதும் உதவுகின்றன. ஆனால் 2016-ல் வந்த நிக்கான் டி500, வெறும் 20.9 மெகாபிக்சலுடன், நொடிக்கு 10 படங்கள் எடுத்துத் தரும். நல்ல நிலையில் உள்ள இத்தகைய பழைய பாடியோடு நல்ல லென்ஸைச் சேர்ப்பது, புதிய பாடியோடு சிறு லென்ஸைச் சேர்ப்பதைவிட எத்தனையோ மேல். படத்தைவிடப் பறவையை அடையாளம் காண்பதில்தான் நாட்டம் என்பவருக்கு, லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள கேமராவும், அதற்கும் முன்பாக எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு 8x42 பைனாகுலரும் போதும்.

பழைய லென்ஸ் வாங்குவோர் பூஞ்சையைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பையிலேயே கிடந்த லென்ஸின் உட்கண்ணாடியில் அது சிலந்தி நூல்போலப் படர்ந்திருக்கும். வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியாது. லென்ஸின் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்து முன்புறமாகச் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வாங்கிய பிறகும், மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் பறவைகளே. லென்ஸ் எட்டாதபோது மனிதர் நெருங்குகிறார். சிவப்புமூக்கு ஆட்காட்டி கூடென்று எதையும் கட்டாமல், கற்களுக்கு இடையே வெறுந்தரையில் முட்டையிடும். கோடை வெயிலில் வயிற்று இறகுகளைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைகளின் சூட்டைத் தணிக்கும். ஒருவர் கேமராவோடு அருகில் போனால் அது கத்திக்கொண்டே எழுந்து சுற்றும். அவர் நகரும்வரை முட்டைகள் வெயிலில் கிடக்கும். தொலைவிலேயே நின்று எடுக்கக்கூடிய லென்ஸ் கையில் இருந்தால் அந்தப் பறவை எழுந்திருக்கவே தேவையில்லை.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். பறவைப் படங்களை வெளியிடும்போது, எடுத்தவரின் பெயரோடு லென்ஸின் அளவையும் எடுத்த தொலைவையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிடுங்கள். கூட்டிலிருக்கும் பறவையை மிக அருகிலிருந்து எடுத்த படங்களை, எத்தனை அழகாக இருந்தாலும், தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
செங்கல்பட்டு.