சீனிவாச வரதன் கண்காட்சிக்குத் துணை நின்ற சுங்கை சிப்புட் மக்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் பெற்றோர்களுக்கும் மாணவச் செல்வங்களுக்கும் வணக்கம்.

தற்செயலைக் கணிதத்தால் ஆராய்ந்த சீனிவாச வரதனின் வாழ்வையும் பணியையும் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே எடுத்துச் சொல்ல நாங்கள் நடத்திய கண்காட்சி, கடந்த சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் நிறைவாக நடந்தேறியது. அதற்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி கூறவே இம்மடலை எழுதுகிறேன்.

1940ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் சென்னையில் பிறந்த வரதன் ஓர் அறிவியல் ஆசிரியரின் மகன். அவருக்கு வாய்த்த கணித ஆசிரியர் சில மாணவர்களை வார இறுதியில் தம் வீட்டுக்கு அழைத்து, தேர்வுக்காக அல்லாமல், விளையாட்டைப் போலக் கணக்குகளைப் போட வைத்தார் என்பதை 2007இல் கணிதத்துக்கான உயரிய உலகப் பரிசான ஏபெல் பரிசு பெற்ற வேளையிலும் வரதன் மறக்காமல் சொன்னார். அதைப் படித்தபோது, எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஞாயிறுதோறும் தம் வீட்டு முன் தாழ்வாரமான அஞ்சடியில் எங்களை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த என் ஆசிரியர் கண்முன் வந்து நின்றார். அவர் இன்று இல்லை. அவர் பயன்படுத்திய கரும்பலகையைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து, தாங்களே சுமந்து வந்து மண்டபத்தில் வைத்த அவருடைய பிள்ளைகளுக்கு என் முதல் நன்றி உரியது.

அடுத்து, இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தினமும் காலை மழையைக் குறித்து வைத்திருந்த முன்னாள் தோட்டக் கிராணி (எழுத்தர்) ஐயா அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்பதை என் தாயார் பால் சுமக்கும் காண்டா வாளியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வானத்தைப் பார்த்து நின்ற காலைகளில் நான் கண்டிருக்கிறேன். ஆண்டுச் சராசரி மழை எவ்வளவு என்பது எங்களுக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. தொடர்ந்து எத்தனை காலை பெய்யும் என்பதுதான் வீட்டில் அடுப்பு எரிவதைத் தீர்மானித்தது. சராசரியை விட்டு வெகுதொலைவு விலகிப்போகும் நிகழ்வு எவ்வளவு அரிது என்பதை அளக்கும் பெருவிலகல் கோட்பாட்டை, 1938இல் சுவீடன் கணிதவியலாளர் கிராமேர் தொடங்கிவைத்த இடத்திலிருந்து எடுத்துச் சென்று, 1966 முதல் பொதுவான ஒரு கட்டமைப்பாக வளர்த்தவர் வரதன். நேற்றைய மழை இன்றைய மழையின் வாய்ப்பை மாற்றுவது போல, முந்தைய நிலையைச் சார்ந்து நகரும் மார்க்கோவ் தொடர்முறைகளுக்கும் அவரும் அமெரிக்கக் கணிதவியலாளர் மன்ரோ டான்ஸ்கரும் 1975 முதல் அதை விரிவாக்கினர். ஐயாவின் குறிப்பேடுகள் இல்லாதிருந்தால் இதைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு வழி தெரிந்திருக்காது.

சராசரியை விட்டு விலகுவது எவ்வளவு அரிது என்று பார்க்க நாணயம் சுண்டிய நாற்பது மாணவர்களுக்கும் நன்றி. ஆளுக்கு 100 முறை சுண்டியதில் ஒரே ஒரு மாணவிக்குத்தான் 60க்கு மேல் தலை விழுந்தது. 60 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 35இல் ஒன்று. அதே விகிதத்தில் 1,000 முறையில் 600 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்போ 700 கோடியில் ஒன்றுக்கும் குறைவு என்று நான் எழுதிக் காட்டியதும் மண்டபம் அமைதியானது. அந்த அமைதிக்காகவே நாங்கள் ஆறு மாதம் உழைத்தோம் என்பேன்.

மாநிலக் கல்லூரியிலும், பிறகு கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவ் வழிகாட்டலிலும் வரதன் பயின்ற காலத்தையும், தொழிற்சாலைப் புள்ளியியலை நாடிப் போனவரை உடன் பயின்ற நண்பர்கள் தூய கணிதத்தின் பக்கம் திருப்பியதையும், 1963இல் நியூயார்க்கின் கூரான்ட் கணித ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றதையும் பிழையற்ற தமிழில் பலகைகளில் எழுதித் தந்த பல்கலைக்கழக மாணவியருக்கு நன்றி. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் அவர் தம் மகனை இழந்ததை எழுதலாமா என்று நான் தயங்கியபோது, “எழுதுங்க டீச்சர், அந்த வலிக்குப் பிறகும் அவர் வேலை செய்தார்னு பிள்ளைங்க தெரிஞ்சுக்கட்டும்” என்று சொன்ன தாய் ஒருவருக்குத் தனியே நன்றி கூற விரும்புகிறேன். அவர் சொன்னதே சரி.

மண்டபத்தை வாடகையின்றி வழங்கிய ஆலய நிர்வாகத்தினருக்கும், விடியற்காலையிலேயே வந்து மீகூனும் (அரிசிச் சேமியா) வடையும் செய்து அனைவரையும் பசியாற வைத்த அக்காமார்களுக்கும், செம்பனைத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை வேனில் ஏற்றி வந்த தம்பிகளுக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

கிராணி ஐயாவின் மழைக் குறிப்பேடுகள் பத்திரமாக அவர் வீடு சேர்ந்துவிட்டன. கரும்பலகையை மட்டும் மண்டபத்திலேயே வைத்துக்கொள்ள என் ஆசிரியரின் பிள்ளைகள் இசைந்துள்ளனர். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அதில் முதல் கணக்கு எழுதப்படும்.

பணிவன்புடன்,
ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.