மறியலால் வருகிறவருக்கு ஒரு கணக்குக் கொப்பி

வன்னி வர்த்தக சங்கங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கிளிநொச்சியில், ஏ9 வீதியோரம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். மறியலில், அதாவது சிறையில், இருந்து வெளியே வருகிறவர்களுக்குத் தொழில் கணக்குப் பழக்குவது பற்றிய மடல் இது. சிறைச்சாலைகள் திணைக்களத்துக்குத்தான் எழுத நினைத்தேன். யோசித்துப் பார்த்ததில், கேட்க வேண்டிய ஆட்கள் நீங்கள்தான் என்று பட்டது.

போன வருடம் ஒரு தம்பி பிளைவூட் வாங்க வந்தார். மறியலில் தச்சுவேலை பழகியவர், வேலை அச்சொட்டு. மூன்றாம் முறை வந்தபோது கடன் கேட்டார். இவ்வளவு வேலை வந்தும் காசு ஏன் நிற்கவில்லை என்று, ஒரு சிட்டையின் பின்பக்கத்தில் இருவருமாகக் கணக்குப் பார்த்தோம். அலுமாரிக்கு அவர் சொல்லியிருந்த விலையில் பலகைக் காசும் அதற்கு மேல் கொஞ்சமும்தான் இருந்தன. பிணைச்சல், வார்னிஷ், மின்சாரக் காசு, அலுமாரியைக் கொண்டுபோய் இறக்கிய லாண்ட்மாஸ்டர் கூலி, எதுவுமே சேரவில்லை. சரி, உங்கள் ஐந்து நாள் சம்பளம் எங்கே என்று கேட்டேன். “அது என்ரை வேலைதானே அண்ணை” என்றார்.

உள்ளே தச்சு, தையல், பேக்கரி என்று தொழில் பழக்குகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் வெளியே வருகிறவருக்கு யார் வேலை கொடுக்கிறார்கள்? பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும் இடத்தில் கதை முடிந்துவிடும். கேட்காத இடத்தில் ஊர் சொல்லிவிடும். ஆக, சொந்தமாக ஏதாவது செய்வதுதான் வழி. அதற்கு உளி பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. விளக்கமறியலில் மாதக்கணக்கில் கிடப்பவர்களுக்கு அந்த உளி கிடைப்பதும் அரிது. கணக்குப் படிக்கப் பட்டறை வேண்டாம், ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கசிப்புச் சாராயம் விற்றும் அனுமதியில்லாமல் மணல் ஏற்றியும் உள்ளே போனவர்களுக்கு வியாபாரமே தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். எவரிடம் எப்போது காசு இருக்கும், கொடுத்த கடனை எப்படித் திருப்பி வாங்குவது என்பதெல்லாம் நம்மில் சிலரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது, சட்டப்படி செய்யும் தொழிலின் மெல்லிய இலாபத்தில் எப்படிச் சீவிப்பது என்பதுதான்.

முதலில் கடனைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஐம்பதாயிரம் ரூபா எடுத்து, வாரம் 1,250 ரூபா வீதம் 52 வாரம் கட்டுவதாக வைப்போம். மொத்தம் 65,000. வட்டி முப்பது வீதம்தானே என்று தோன்றும். ஆனால் கட்ட வேண்டிய முதல் தொகை வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டு போகிறது, வட்டியோ கடைசிவரை முழு ஐம்பதாயிரத்துக்கும் போகிறது. சரியாகப் பார்த்தால் ஆண்டு வட்டி ஐம்பது வீதத்தையும் தாண்டும். நுண்கடனால் நம் ஊர்ப் பெண்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வெளியே வரும் மனிதரின் வாசலிலும் அந்தத் தவணைக்காரர்தான் முதலில் வந்து நிற்பார்.

அப்புறம், வீட்டுக் காசையும் கடைக் காசையும் பிரித்து வைப்பது, அறுவடைவரை கடன் கேட்கும் கமக்காரருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பது, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவது. இவற்றை விரிவுரையாளரைவிடக் கல்லாவில் இருந்து பழகியவர் நன்றாகச் சொல்வார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2004 முதல் இப்படி ஒரு திட்டம் நடக்கிறது. கைதிகள் தொழில் திட்டம் எழுதுகிறார்கள், தொழில் நடத்துகிறவர்கள் உள்ளே போய் அதைக் கேட்டுக் கேள்வி கேட்கிறார்கள்.

“களவெடுத்தவனை நம்பிச் சாமான் கொடுக்கச் சொல்கிறாயா?” என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். என் கடன் கொப்பியில் மிகப் பெரிய பாக்கி, மறியல் வாசலையே மிதிக்காத ஒரு பெரிய மனிதருடையது. 2010இல் மீளக் குடியேறியபோது தகரக் கொட்டிலும் வெறுங்கையுமாகத்தான் நானும் நின்றேன். வவுனியா மொத்த வியாபாரி ஒருவர், அடமானம் எதுவும் கேட்காமல், முதல் லொறிச் சாமானை இறக்கிவிட்டுப் போனார். உங்களில் பலருக்கும் இப்படி ஒருவர் இருந்திருப்பார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வவுனியா சிறைச்சாலை அத்தியட்சகருக்குச் சங்கக் கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் எழுதுங்கள். எட்டுச் சனிக்கிழமை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வியாபாரிகள் உள்ளே போய்க் கணக்குப் பழக்கட்டும். படித்து முடித்து வெளியே வருகிறவருக்கு முதல் மூன்று மாதம் சிறிய அளவில் சாமான் கடன், வாரந்தோறும் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினால் மட்டும்.

முதல் சனிக்கிழமைக்கு என் பெயரைப் போடுங்கள். கொப்பிகளை நான் கொண்டு வருகிறேன். கல்குலேட்டர்களைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
கிளிநொச்சி ஹாட்வெயார் கடைக்காரர் ஒருவர்