வலிக்காத கட்டியையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் சில பெண்கள் புற்றுநோய்தான் என்று உறக்கம் தொலைக்கிறார்கள். பலர் ‘வலிக்கவில்லையே’ என்று விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டாவதுதான் எங்களுக்குக் கவலை. மாதவிடாய்க்கு முன் இரு மார்பும் கனத்து வலிப்பது பெரும்பாலும் ஹார்மோனின் வேலை. புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

ஆனாலும் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. 15 முதல் 35 வயதுக்குள் அதிகம் வருவது ஃபைப்ரோஅடினோமா: கோலிக்குண்டு போல வழவழப்பாக இருக்கும், விரலுக்கு அகப்படாமல் நழுவும். 35 வயதுக்குமேல் நீர்க்கட்டிகள் அதிகம். மாதவிடாய்க்கு முன் பெருத்து, பிறகு சுருங்கக்கூடும். பாலூட்டும் தாய்க்குப் பால் கட்டுவதும் சீழ் பிடிப்பதும் உண்டு. மருந்து சாப்பிட்டு முடித்தும் கரையாவிட்டால் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பற்றுப் போட்டே மாதங்களைக் கடத்திவிடாதீர்கள்.

சுயபரிசோதனைக்கு ஏற்ற நேரம், மாதவிடாய் தொடங்கியதிலிருந்து எண்ணி 7ஆம் நாளுக்கும் 10ஆம் நாளுக்கும் இடையில். மாதவிடாய் நின்றவர்கள் மாதம் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். முதலில் கண்ணாடி முன் நின்று, கைகளை இடுப்பில் ஊன்றி அழுத்தியும், தலைக்குமேல் தூக்கியும் பாருங்கள். தோல் எங்காவது உள்ளிழுத்தால் அப்போதுதான் தெரியும். பிறகு படுத்துக்கொள்ளுங்கள். வலது மார்புக்கு, வலது தோளுக்கடியில் சிறு தலையணை, வலது கை தலைக்குப் பின்னால். இடது கையின் நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் (நுனியால் அல்ல) ஒரு ரூபாய் நாணய அளவில் வட்டமிட்டு, ஒவ்வோர் இடத்திலும் மெதுவாக, நடுத்தரமாக, அழுத்தமாக என மூன்று முறை தடவ வேண்டும். கழுத்துப்பட்டை எலும்பிலிருந்து மார்பின் அடிமடிப்பு வரை, அக்குளிலிருந்து நெஞ்செலும்பு வரை, மேலும் கீழுமாக ஓர் இடம் விடாமல். பலரும் தவறவிடுவது அக்குளைத்தான். இரு விரலால் கிள்ளிப் பார்க்காதீர்கள். கிள்ளினால் எல்லாமே கட்டிதான். அடிமடிப்பில் தடிப்பாகத் தட்டுப்படுவது இயல்பு.

இதை மட்டும் நம்பி இருந்துவிடவும் கூடாது. ஷாங்காயில் 2.6 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், சுயபரிசோதனை கற்றுக்கொடுத்ததால் இறப்பு குறையவில்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்ததில், 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. நம் மார்பின் இயல்பு நமக்குத் தெரிந்திருந்தால், மாறும்போது உடனே புரியும், அதற்குத்தான் சுயபரிசோதனை. 30 வயதைக் கடந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேட்டு, இலவசமாகவே சோதித்துக்கொள்ளலாம்.

நகராத கெட்டிக் கட்டி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, ஒரு பக்கக் காம்பில் இரத்தக் கசிவு, தோல் தடித்துப் புள்ளிப்புள்ளியாகக் குழிதல், அக்குளில் நெறி: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். மருத்துவர் கையால் பார்த்து, ஸ்கேனோ மேமோகிராமோ (மார்பக எக்ஸ்ரே) எடுத்து, தேவைப்பட்டால் ஊசியால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயந்து மறுக்க வேண்டாம். ஃபைப்ரோஅடினோமாதான் என்று உறுதியாகி, சிறியதாகவும் வளராமலும் இருந்தால், அதை அறுத்தெடுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை.

இப்படிக்கு,
கிராம சுகாதாரச் செவிலியர்கள் சிலர்,
தேனி மாவட்டம்