மாஸ்டர், அந்தக் கட்டிங் மேஜையை யாருக்கும் விலை பேசிவிடாதீர்கள்

மாஸ்டர்,

இந்த மாதத்தோடு கடையை மூடுகிறீர்கள் என்று தம்பி போனில் சொன்னான். நேரில் வந்தால் நீங்கள் டீ சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவீர்கள், நானும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன், அதனால் இங்கே எழுதுகிறேன். உங்கள் மகள் படித்துக் காட்டுவாள் என்று தெரியும்.

வாத்தியார் சட்டை விஷயம்தான்.

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தாரே அவர். அன்றைக்கு நீங்கள் சாப்பிடப் போயிருந்தீர்கள். எங்கள் அப்பா தறியில் மிஞ்சிய சிவப்புக் கட்டம் போட்ட லுங்கித் துண்டு ஒன்று என் பையில் இருந்தது. காலர் பட்டியின் உள்பக்கம் அதை வைத்துத் தைத்தால் எப்படி இருக்கும் என்று பல நாளாக மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தெரியாது, முதல் பட்டனைக் கழற்றினால் மட்டும் ஒரு விரல்கடை சிவப்பு எட்டிப் பார்க்கும். வெட்டி வைத்துத் தைத்துவிட்டேன். நீங்கள் வருவதற்குள் அயர்ன் போட்டு மடித்தும் வைத்துவிட்டேன். மாஸ்டர், அது அழகாகத்தான் இருந்தது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

வேலூர் வெயிலை நான் கணக்கில் எடுக்கவில்லை. துவைக்கும்வரைகூட அந்தச் சாயம் பொறுக்கவில்லை. மண்டபத்தில் கழுத்து வேர்வையிலேயே இறங்கி, காலரைச் சுற்றி யாரோ நகத்தால் கீறின மாதிரி ஒரு சிவப்புக் கோடு. போட்டோவெல்லாம் எடுத்து முடித்தபிறகுதான் அவர் சம்பந்தி அதைக் கவனித்துச் சொன்னாராம். மறுநாள் சட்டையோடு வந்து அவர் நின்றபோது நான் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஊசி அப்படியே நின்றுவிட்டது. நீங்கள் காலரைப் புரட்டிப் பார்த்தீர்கள், ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினீர்கள், அப்புறம் அவரிடம், "என் தப்பு சார், துணியைப் பார்க்காம வச்சிட்டேன்" என்றீர்கள். உங்கள் காசில் இரண்டேகால் மீட்டர் துணி எடுத்து அன்று ராத்திரியே வேறு சட்டை தைத்தீர்கள். என்னைக் கூப்பிட்டு, சாயம் இறங்கின சட்டையைக் கடைசித் தையல்வரை பிரிக்கச் சொன்னீர்கள். பிரித்து முடித்ததும், "தண்ணியைப் பார்க்காத துணி கத்திரியைப் பார்க்கக் கூடாது" என்று மட்டும் சொன்னீர்கள்.

நான்தான் செய்தேன் என்று அந்த வாத்தியாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம், அப்போது எனக்குப் 18 வயது, எல்லாம் உண்மைதான். ஆனால் வாயைத் திறக்காமல் நின்றதும் உண்மை. மன்னித்துவிடுங்கள் மாஸ்டர்.

ஆனால் அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் கத்தரிக்கோலை என் கையில் கொடுக்கவே இல்லையே, அது என்ன நியாயம்? காஜா, ஹெம்மிங், பட்டன், மறுபடியும் காஜா. எனக்குப் பின்னால் வந்த பையன் ஆறே மாதத்தில் பேன்ட் வெட்டினான். நான் பள்ளிகொண்டா வழி பஸ்ஸில் தினமும் குடியாத்தத்திலிருந்து வந்துபோனது காஜா எடுப்பதற்கு மட்டும் இல்லை. யூனிஃபார்ம் சீசனில், அத்தனை சட்டை குவிந்து கிடக்கும்போது, சொல்லாமல் சென்னைக்குப் போனது தப்புதான். சொல்லியிருந்தால் நீங்கள் போகச் சொல்லியிருப்பீர்களா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கடைசி நாள் உங்கள் வீட்டு வாசலில் யார் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறார்கள். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அது போதும்.

பிறகு நான் சேர்ந்த கல்லூரியில் இரண்டாம் வருஷம் துணி வரலாறு வகுப்பு. 1950களின் கடைசியில் மெட்ராஸிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கட்டம் போட்ட கைத்தறித் துணி, துவைக்கத் துவைக்கச் சாயம் போனதாம். வாங்கினவர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்களாம். அப்புறம் 'பிளீடிங் மெட்ராஸ்' என்று பெயர் வைத்து, சாயம் போவதுதான் இதன் விசேஷம் என்று விளம்பரம் செய்து விற்றார்களாம். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காலரும், பிரித்துப் போட்ட நூலும், உங்கள் முகமும்தான் கண்முன் நின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் சேர நேர்முகத்துக்குப் போனபோது அந்தக் காலரைத்தான் வரைந்து காட்டினேன். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார்கள். நானாகவே என்று சொன்னேன். தையல் கடை என்று சொல்ல வெட்கப்பட்டேன். கட்டத்தோடு கட்டம் சேர்த்துப் பாக்கெட் வைக்கவும், நீள இழையான பாவு எந்தப் பக்கம், குறுக்கு இழையான ஊடை எந்தப் பக்கம் என்று விரலால் இழுத்துப் பார்த்தே துணியைப் போடவும் கற்றுக்கொடுத்தது நீங்கள். பேப்பர் கட்டிங் பறந்துவிடும் என்று கத்திரி வெயிலிலும் ஃபேன் போடாமல், பனியன் முதுகோடு ஒட்ட வெட்டிக்கொண்டு நிற்பீர்கள். அந்த மனிதரை ஒரே வார்த்தையில் இல்லாமல் ஆக்கிவிட்டேன்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டேன் மாஸ்டர். ஆறு வருஷம் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போட்டது போதும். குடியாத்தத்தில் அப்பா வீட்டுத் திண்ணையை அடைத்து ஓர் அறை ஆக்கியிருக்கிறேன். லுங்கித் துணியில் சட்டை, முதல் ஆர்டர் 60. துணியை ஒரு ராத்திரி உப்புத் தண்ணியில் ஊறவைத்து, அலசி, நிழலில் காயப்போட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன். 4 மீட்டரில் அரை அடி சுருங்கிப்போனது. முதல் தண்ணி நல்ல சிவப்பாக வந்தது. வாளியைக் கொட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடையில் மற்றதையெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். அந்தக் கட்டிங் மேஜை மட்டும் எனக்கு வேண்டும், ஓரத்தில் இஞ்ச் கோடு கீறி வைத்திருப்பீர்களே, அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். விலையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சும்மா எடுத்துக்கொண்டு போ என்று மட்டும் சொல்லாதீர்கள், சொன்னால் எடுக்க மாட்டேன்.