மாமா ஏன் நஞ்சு குடுத்தவர்? – தமிழ்ப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பாவில் உள்ள எங்கள் பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பாடநூல் எழுதும் பெரியோருக்கு வணக்கம்.

நான் ஜேர்மனியில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப் போய், முடியும்வரை காருக்குள் இருந்து தேத்தண்ணி குடிப்பது என் வேலை. ஒருநாள் திரும்பி வரும்போது பின்சீற்றில் இருந்து பாடத்தை உரக்க வாசித்துக்கொண்டு வந்தவள், திடீரென்று கேட்டாள்: "அப்பா, மாமா ஏன் நஞ்சு குடுத்தவர்?"

பாடத்தில் இருந்த வசனம், "மாமா மாலாவுக்குப் பரிசு கொடுத்தார்." பரிசு என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலைப் புரட்டியிருக்கிறாள். அங்கே நீங்கள் ஆங்கிலத்தில் மட்டும் பொருள் போட்டிருக்கிறீர்கள்: 'கிஃப்ட்'. ஏழு வயதுப் பிள்ளை. ஆங்கிலம் இன்னும் தொடங்கவில்லை. அவளுக்குத் தெரிந்த கிஃப்ட், பாலர் பள்ளியில் ரீச்சர் புதரில் இருந்த சிவப்புப் பழத்தைக் காட்டி "தொடாதே, கிஃப்டிக்!" என்று சத்தம் போட்ட கிஃப்ட். டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், அது நஞ்சு. எழுத்துக்கூட மாறவில்லை.

ஒஸ்லோவில் இருக்கும் தங்கையிடம் சொல்லிச் சிரித்தேன். அவளுடைய மகன் அதே பக்கத்தைப் பார்த்து, "மாமா ஆருக்குக் கலியாணம் செய்து குடுத்தவர்?" என்று கேட்டானாம். நோர்வேயில் எழுத்து அதுவே, வாயில் மட்டும் 'யிஃப்ட்'. அங்கே அதற்கு நஞ்சு என்றும் பொருள், மணமானவர் என்றும் பொருள். சுவீடனிலும் டென்மார்க்கிலும் இந்த இரட்டைப் பொருள் உண்டு. (இதை வைத்து அந்த ஊர் ஆம்பிளையள் சொல்லும் பகிடியை இங்கே எழுதமாட்டேன். நீங்களே ஊகிக்கலாம்.)

பிழை பிள்ளைகளில் இல்லை. இவை தற்செயலாக ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களும் இல்லை. எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். டொச், ஆங்கிலம், நோர்வே மொழி எல்லாம் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்துக்குப் பொதுவான 'கொடு' என்ற வினையில் பிறந்த பெயர்ச்சொல் இது. 'கொடுத்தல், கொடுக்கப்பட்டது' என்பதுதான் முதற்பொருள். நோர்வேக்காரருக்கு அது பெண்ணைக் கொடுத்தல் ஆகி, கொடுக்கப்பட்டவள் மணமானவள் ஆனாள். நாங்களும் "பெண் கொடுத்த இடம்" என்றுதானே சொல்கிறோம்? இதை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க ஒரு நிமிடம் போதும்.

நஞ்சின் கதைதான் எனக்குப் பிடித்தது. கிரேக்க வைத்தியர்கள் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தளவை 'டோசிஸ்' என்றார்கள். அதற்கும் 'கொடுத்தல்' என்றே பொருள். அந்தச் சொல் லத்தீன் வழியாக வந்தபோது டொச்சுக்காரர் அதைத் தங்கள் சொல்லால் பெயர்த்து, கொடுத்த மருந்தைக் கிஃப்ட் என்றார்கள். பிறகு கொல்லக் கொடுத்ததையும் வாய் கூசி அப்படியே சொல்லப் போய், கடைசியில் கூச்சம் போய் நஞ்சு மட்டும் நின்றுவிட்டது. இதிலும் நமக்குப் புதுமை இல்லை. தோட்டத்துக்கு அடிக்கும் நஞ்சை நாங்கள் 'மருந்து' என்கிறோம். சோற்றில் எதையோ கலந்து கொடுத்தால் "மருந்து வைச்சிட்டாள்" என்கிறோம். அந்தக் கிரேக்கச் சொல்லும் ஆங்கிலத்தின் வழியாக எங்கள் வாய்க்குள் வந்து கிடக்கிறது. "மாஸ்டர் நல்ல டோஸ் குடுத்தார்" என்றால் வாங்கினவனுக்குத் தெரியும் அது எந்தக் கொடை என்று.

பழைய பொருள் டொச்சில் முழுதாகச் சாகவுமில்லை. சீதனத்துக்கு 'மிட்கிஃப்ட்' என்று பெயர், கூடக் கொடுத்து அனுப்புவது. நெதர்லாந்தில் 'கிஃப்ட்' நன்கொடையாகவே இருக்கிறது. நஞ்சை 'கிஃப்' என்று வால் நறுக்கிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் பெரிதாக நம்பியிருக்கும் ஆங்கிலத்தின் கதை இன்னும் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் இது மாப்பிள்ளை கொடுக்கும் பரிசம். பன்மையில் சொன்னால் கலியாணம். முதலெழுத்தும் அன்று 'ய' ஒலிதான். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதியது 'யிஃப்ட்' என்ற வடிவத்தையே. இன்றைய அழுத்தமான 'க'வும், அன்பளிப்பு என்ற பொருள் நிலைத்ததும் வடக்கே ஸ்கண்டிநேவியாவில் இருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நோர்ஸ் மொழிச் செல்வாக்கு.

ஆகவே, ஆங்கிலத்தில் பொருள் போட்டால் ஐரோப்பா முழுக்க விளங்கும் என்ற எண்ணத்தை விடுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: சுவீடனில் 'ரூலிக்' என்றால் வேடிக்கையானது, பக்கத்து நோர்வேயில் அதே எழுத்தில் எழுதினால் அமைதியானது. நாட்டுக்கு நாடு பட்டியலை மாற்றத்தான் வேண்டும். அச்சுச் செலவு கூடும் என்பீர்கள். அப்படியானால் சொற்பட்டியலை நூலில் இருந்து எடுத்துவிட்டு, நாட்டுக்கு ஒரு தனித்தாளாகக் கொடுங்கள். சின்ன வகுப்புகளுக்குப் படமே போதும். ரிபன் கட்டிய பெட்டியைப் பார்த்து ஒரு பிள்ளையும் நஞ்சு என்று சொல்லாது.

டொச்சில் எழுதும்போதும் கவனம் வேண்டும். மாமா தந்தது 'கெஷெங்க்'. ஓட்டப்போட்டியில் வென்றது 'ப்றைஸ்'. ஆனால் ப்றைஸ் என்றால் கடைச் சாமானின் விலையும்தான். தமிழில் இரண்டுக்கும் பரிசு என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். வெறுமனே அகராதியைப் பார்த்துப் போட்டால் அடுத்த பிள்ளை "மாமா விலை கொடுத்தார்" என்று வாசிக்கும்.

எங்கள் வகுப்புப் பெற்றோரில் மூன்று பேர் டொச் தாளைத் தயாரிக்கச் சம்மதித்திருக்கிறோம். தங்கை நோர்வேத் தாளைப் பார்க்கிறேன் என்கிறாள். இரண்டாம் வகுப்புச் சொற்பட்டியலை அனுப்பிவையுங்கள், தொடங்கிவிடுகிறோம்.

இப்படிக்கு,
காருக்குள் காத்திருக்கும் ஒரு தகப்பன்