கடற்கரை ரோட்டு விபரம் கேட்ட அப்பாவுக்கு

மெல்பேண்,
ஆனி 28.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கட நலமும் அம்மாவின்ர நலமும் அறிய ஆவல். நாலு மாதமாக் கடிதம் போடேல்லை, பிழை என்ரதான். போனில கதைச்சால் உங்களுக்குக் காது பிடிக்கிறேல்லை எண்டு தெரிஞ்சும் நாளைக்கு எழுதுவம் எண்டே நாள் போட்டுது. நான் கார் எடுத்துக் கடற்கரை ரோட்டால போய்வந்ததைக் கேள்விப்பட்டு நீங்கள் எழுதின கடிதத்தைப் போன கிழமை தங்கச்சி படமெடுத்து அனுப்பினாள். "தனியவோ போனனி? என்ன ரோட்டு? எவ்வளவு எண்ணெய் குடிச்சது?" மூண்டே மூண்டு கேள்வி. கூட வாறதா இருந்த பிள்ளைக்குக் கடைசி நேரம் வேலை வந்திட்டுது, அதாலதான் தனிய. மற்ற ரண்டுக்கும் விபரமாச் சொல்லுறன்.

ரோட்டின்ர பேர் கிறேற் ஓசன் ரோட். ரோர்க்கியில துவங்கி அலன்ஸ்போட் மட்டும் 243 கிலோமீற்றர். முதலாம் உலகப் போரால திரும்பி வந்த படையாக்கள் 1919 துவங்கி 1932 வரைக்கும் பிக்கானாலையும் சவளாலையும் வெட்டின ரோட்டு. திரும்பி வராத கூட்டாளிமாரின்ர நினைவுக்கெண்டு வெட்டினது. ஈஸ்ரேர்ண் வியூவில ரோட்டுக்குக் குறுக்கால மரத்தில ஒரு வளைவு நிக்குது, எல்லாரும் இறங்கிப் படம் எடுக்கினம். நீங்கள் அதில நிண்டால் என்ன நினைப்பீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அதை எழுதேல்லை.

மேற்க பாத்து ஓடுறதுதான் புத்தி. இஞ்சையும் எங்கட மாதிரி இடப்பக்கம்தான். மேற்க போனால் கடல் இடக்கைப் பக்கம், நிப்பாட்டுற இடமெல்லாம் உங்கட பக்கத்திலேயே வரும், எதிர்வாகனத்தை வெட்டித் திரும்பத் தேவையில்லை. வெளிநாட்டுச் சனம் மறந்து வலப்பக்கம் ஏறிப்போடும் எண்டு வழி நெடுக "இடப்பக்கம் ஓடவும்" எண்டு பலகை நட்டிருக்கிறாங்கள். முடக்கில அதுதான் பயம், எதிர வாறவன் எந்தப் பக்கத்தில வருவான் எண்டது.

வெளிக்கிட முதல் ரயர்க் காத்துப் பாக்க வேணும், ஓடிச் சூடாக முதல். சூட்டில பாத்தால் நாலைஞ்சு இறாத்தல் கூடக் காட்டும், சரி எண்டு நினைச்சு விட்டால் குளிரில காத்துக் குறைஞ்சு முடக்கில கார் அலையும். பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர் இதில உங்களை மாதிரித்தான். விடிய நாலரைக்கு இரவு உடுப்போட ரோச்சும் கேச்சும் கொண்டு வந்து, நான் பாத்த நாலு ரயரையும் திருப்பிப் பாத்தார். பேசாமல் ஒரு பை எலுமிச்சங்காயை வைச்சிட்டுப் போட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கிரேக்கம் தெரியாது, ரண்டு பேருக்கும் இங்கிலிஷ் அரைகுறை.

லோர்ண் தாண்டி அப்பலோ பே மட்டும்தான் கடினம். ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் கடல், மழைக்கு மண் சரியும். இறக்கத்தில பிரேக்கில கால் வைச்சபடி போனால் சூடேறிப் பிரேக் எண்ணெய் கொதிச்சு, பெடல் சும்மா கீழ போகும். கியரைக் குறைச்சு எஞ்சினாலதான் பிடிக்க வேணும். உங்களுக்கு நான் சொல்லிறதோ! பின்னால நாலு கார் சேர்ந்தால் ஒதுங்க இடம் விட்டிருக்கிறாங்கள், ஒதுங்கி விடவேணும். கண்ணாடியில ஆவிப் புகார் பிடிச்சால் சூட்டோட ஏசியையும் சேர்த்துப் போட வேணும். சூடு மட்டும் போட்டால் ஈரம் போகாது. அப்பலோ பேயில ராங்கை நிரப்பிப் போடவேணும், அங்கால ரோட்டு கடலை விட்டிட்டு ஒட்வே காட்டுக்குள்ள ஏறுது, போனும் பிடிக்காது. அங்க துறைமுகத்தில சிங்க இறால் விக்கிறாங்கள். விலையைப் பாத்தன், பாத்ததோட சரி. கடைச் சாப்பாடு எனக்கு ஒத்துவாறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.

சாப்பாடு வீட்டிலயிருந்துதான். புட்டுக் கொண்டு போகக் கூடாது, குளிருக்கு மணலாப் போகும். ரொட்டியும் கட்டைச் சம்பலும்தான் தாக்குப் பிடிக்கும். பையைப் பக்கத்து ஆசனத்தில வைச்சால் பாரத்துக்கு ஆள் இருக்கெண்டு நினைச்சுக் கார் கீக்கீ எண்டு கத்துது. பைக்கும் பெல்ற் போட்டுவிட்டன். பாதி வழியில அதோட கதைக்கவும் துவங்கிட்டன்.

கடைசியில கடலுக்குள்ள நிக்கிற கல்லுத் தூணுகள். பன்னிரண்டு அப்போஸ்தலர் எண்டு பேர், ஆனால் பன்னிரண்டு ஒருநாளும் இருந்ததில்லை. காங்கேசன்துறையில சீமெந்துக்குக் கிண்டின மாதிரிச் சுண்ணாம்புக்கல்லு, அலை அடியை அரிக்குது. 2005 ஆடியில 50 மீற்றர் உயரமான ஒண்டு அப்படியே நொருங்கி விழுந்தது. அதுக்கு நேர தெற்கை அந்தாட்டிக்கா மட்டும் கரையே இல்லை. அதாலதான் அந்தக் காத்து எலும்புக்குள்ள போகுது.

இவ்வளவு நீளக் கரையில ஒரு இடத்திலயும் கருவாடு மணக்கேல்லை அப்பா. கரைவலை இழுக்கிற சத்தமில்லை, கிடுகு வாடி இல்லை, ஒரு நாய் கூட ஓடி வரேல்லை. அந்தத் தூணுகளடியில வெயிலும் கடலுக்குள்ள இருந்து எழும்பாது, கடலைப் பாத்து நிண்டால் முதுகுப் பக்கத்தால பதிஞ்சு போகுது. கண்ணாடியை இறக்கிவிட்டு மூக்கை நீட்டிப் பாத்தன். எங்கட முல்லைத்தீவில அளம்பில், செம்மலை தாண்டி நாயாற்றுப் பாலத்தில நீங்கள் காரை நிப்பாட்டினால் வருமே ஒரு சேத்து மணம். அது எங்க வரும்.

திரும்பக் கடற்கரையால வரக்கூடாது. இஞ்ச இப்ப மாரி, குளிர்காலம், அஞ்சு மணிக்கே பொழுதுபட்டிடும், கங்காரு ரோட்டுக்கு ஏறுற நேரம் அது. பாய்ஞ்சால் ஸ்ரேரிங்கை வெட்டக் கூடாது, நேர பிரேக் பிடிக்க வேணும். மூண்டு மணிக்கே வெளிக்கிட்டுச் சிம்சன், கொலாக் வழியா உள்பக்கத்தால வந்திட்டன். எல்லாமா 580 கிலோமீற்றர், 43 லீற்றர். அடுத்த நாள் கார் அடிப்பக்கத்துக்கு நல்லதண்ணி அடிச்சன், உப்பு விட்டால் தின்னும்.

இனி வீட்டு அலுவல். இந்த மாதக் காசு வாற மாதம் பதினைஞ்சுக்குப் பிறகுதான் வரும், வங்கியில ஏதோ சுணக்கம், யோசிக்காதேங்கோ. தம்பியின்ர உழவுமெசின் லீசிங்கை ஒரு தவணை பொறுக்கச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்கோ. அம்மாவின்ர கண் ஒப்பரேசனைத் தள்ளிப்போட வேண்டாம், அதுக்கு வேற எடுத்து வைச்சிருக்கிறன். காணி பெர்மிற்றில பேர் மாத்துறதைப் பெரியப்பா இருக்கேக்கையே முடியுங்கோ. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் திருநீறு இன்னும் வரேல்லை.

தம்பி கொட்டிலில நிக்கிற உங்கட பழைய ஒஸ்ரின் ஏ40 காரை இரும்புக்குக் குடுக்கப் போறானாம். குடுக்க விடாதேங்கோ. பெற்றோல் தடைக்காலத்தில சேலைன் போத்தலால பெற்றோல் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில முழு வன்னியும் ஓடின கார் அது. எஞ்சின் இறுகியிருந்தால் நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ரண்டு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ரண்டு நாள் ஊறவிடச் சொல்லுங்கோ. பிறகு ஹாண்டிலைப் போட்டு மெதுவா ஆட்டிப் பாக்கட்டும், முறுக்கிப் பெலப்படுத்த வேண்டாம். அசைஞ்சால் உடன எனக்கு எழுதுங்கோ.

உங்கட அன்பு மகள்